மறுமொழி: தேடுபொறியின் 'பயஸ்' – ஓரவஞ்சனையா, கோணலா?

குழுமத்தாருக்கு வணக்கம். கூகுள் போன்ற தேடுபொறி முடிவுகளை ஒரே பக்கமாகச் சாய்த்துக் காட்டுவதை ஆங்கிலத்தில் 'பயஸ்' (bias) என்கிறார்கள். அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> 'பயஸ்' என்பதற்கு ஓரவஞ்சனை என்றே வைத்துவிடலாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

தல்லாகுளம் அக்கா, எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் அதற்குள் வஞ்சனை உட்கார்ந்திருக்கிறது. தெரிந்தே செய்தால்தான் வஞ்சனை. நீங்கள் எழுதியிருந்ததையே பார்ப்போம். மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ அனுப்பும் உங்கள் கொழுந்தனார் 'மல்லி விலை' என்று தேடினார். வந்ததெல்லாம் கொத்தமல்லி விதை விலை. பூக்கடையில் மல்லி என்றால் பூ. நாலு கடை தள்ளி மளிகைக் கடையில் மல்லி என்றால் ரசத்துக்கு. நமக்கு எந்தக் கடையில் நிற்கிறோம் என்று தெரியும், பொறிக்குத் தெரியவில்லை. 'மல்லிகைப் பூ விலை மதுரை' என்று அடித்தால் பூ விலை வந்துவிடும். கேட்ட சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் வரும் இந்தக் குழப்பத்துக்கு 'வினவல் மயக்கம்' என்கிறேன். வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்கு மயக்கம் என்றதும் தலைசுற்றல் நினைவுக்கு வராது.

எப்படி மாற்றிக் கேட்டாலும் தன் சரக்கையே முன்னால் வைப்பது வேறு விவகாரம். விமானப் பயணம் தேடுவோர்முன் தன் சொந்த விமானத் தேடல் பெட்டியை எடுப்பாக வைத்தது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2018 பிப்ரவரியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதுவும் பெரும்பான்மைத் தீர்ப்புதான், உறுப்பினர்கள் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, பொருள்விலை ஒப்பிடும் தன் சேவைக்குக் கூகுள் முன்னிடம் கொடுத்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. அக்கா, உங்கள் ஓரவஞ்சனையை இங்கே தாராளமாக வைக்கலாம்.

சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கொத்தமல்லி விலையைத் தமிழ்நாடு முழுக்கத் தேடுவார்கள். பூ விலை தேடுகிறவர்கள் சில ஊர்க்காரர்கள். பக்கங்களின் எண்ணிக்கையையும் மக்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்பதையும் பார்த்துப் பழகும் பொறி, மயங்கும்போதெல்லாம் பெருங்கூட்டத்தின் பக்கமே விழும். ஒரு தடவை என்றால் மயக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் விழுந்தால், யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யாவிட்டாலும், பூக்காரருக்கு நட்டம் நட்டம்தான். நமக்குப் பெயர் தேவைப்படுவது இதற்கு.

> சார்பு அல்லது சாய்வு என்றால் போதாதா?

போதாது தம்பி. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். 'உறவுகளும் சார்புகளும்' முதல் பாடம், அங்கே சார்பு என்றால் ஃபங்ஷன் (function). சாய்வு நேர்க்கோட்டுக்குப் போய்விட்டது. இயந்திரக் கற்றலில் இவையெல்லாம் ஒரே பத்தியில் வரும். படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

நான் முதலில் எழுதி வைத்திருந்தது உட்கோட்டம். குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொற்கோட்டம், உட்கோட்டம் இரண்டும் ஒரே குறளில் வருகின்றன. உட்கோட்டம் என்றால் மனத்தின் வளைவு, பொருளும் கச்சிதம். உசிலம்பட்டி ஐயா ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்: "உட்கோட்டம்னா எங்க ஊர்ல டி.எஸ்.பி. ஆபீசு." அது மறுக்க முடியாத வாதம். வெறும் கோட்டம் என்றாலும் மின்வாரியம்தான் வந்து நிற்கும்.

அதனால் 'கோணல்'. 'தரவரிசைக் கோணல்', 'தரவுக் கோணல்' என்று ஒட்டிப் பாருங்கள். வளைந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, வளைத்தவர் யார் என்று கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் கோணம் உண்டு, கோணல் இல்லை. கொஞ்சம் கொச்சையாகப் படுகிறது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நாலு கட்டுரையில் எழுதினால் பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுமுன் ஒன்று தெரிய வேண்டும். குழுமத்தில் புள்ளியியல் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். மாதிரி எடுப்பதில் வரும் பயஸுக்கும் 'மாதிரிக் கோணல்' என்று வகுப்பில் சொல்ல வாய் வருமா? வராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பழங்காநத்தத்தான்