பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுசாகக் கட்டிய இன்ஜின்: கடலூர், புதுச்சேரி பக்கம் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லாஸ்பேட்டை

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் சென்னையிலிருந்து வரும் பழைய கார் ஒன்றிரண்டு கண்ணில் படும். வெளியே பளபளவென்று இருக்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஏதோ ஒரு மாருதி இன்ஜின், இல்லாவிட்டால் டீசல். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. காரோடு பிறந்த இன்ஜினையே பிரித்து, பாகம் பாகமாக அளந்து, கம்பெனியிலிருந்து வந்ததைவிட விறுவிறுப்பாக ஓடும்படி கட்டியவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். பார்த்தவர்கள், செய்தவர்கள் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

நானே ஆரம்பித்து வைக்கிறேன். காலாப்பட்டு போகும் வழியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் எம்.ஜி. டி.சி. என்ற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் பார்த்தேன். 1945 முதல் 1949 வரை செய்த மாடல், 1250 சி.சி., 54 குதிரைத்திறன். வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் வால்வுகளைப் பெரிதாக்கி, அழுத்த விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு) ஏற்றி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் மாற்றியிருந்தார். எத்தனை குதிரைத்திறன் வருகிறது சார் என்று கேட்டேன். "அளக்காததைச் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார். ஆனால் நிமிஷத்துக்கு 5,500 சுற்றுக்கு மேல் முறுக்க மாட்டாராம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ., அந்தக் காலத்து நீள ஸ்ட்ரோக். 6,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 18 மீட்டர் ஆகிவிடும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்குவதோ மூன்றே மெயின் பேரிங். சக்தியைக் கூட்டுவது எளிது, அதைத் தாங்க அடியில் என்ன இருக்கிறது என்று பார் என்றார்.

அவர் காட்டியதில் என்னை அசரவைத்தது இன்ஜினின் போல்ட்டுகள். மரை மில்லிமீட்டர் கணக்கு, தலை மட்டும் ஆங்கிலேயரின் விட்வொர்த் அளவு. கடையில் 8 மி.மீ. போல்ட் வாங்கி வந்தால் ஏறாது. பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, கடையில் கிடைப்பதில் 1.25 மி.மீ., இதில் 1.0. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இந்த இன்ஜின் வரிசை பிறந்த தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. 1923-இல் மோரிஸ் அதை வாங்கியபோது பிரெஞ்சு அளவில் வெட்டும் மெஷின்களும் கூடவே வந்தன. அவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் போல்ட் தலையை மட்டும் உள்ளூர் ஸ்பேனருக்கு ஏற்றபடி செய்துகொண்டார்கள். இங்கிலீஷ் காரில் பிரெஞ்சு மரை. அது புதுச்சேரியில் வந்து நிற்பது பொருத்தம்தான்.

தட்டாஞ்சாவடி

லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். வருமானம் முழுக்க டிராக்டர், பம்ப் செட், வேன். பழைய கார் எப்போதாவது ஒன்று வரும். அப்படி வந்தது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையில் செய்த கார் என்பதால் அந்தக் காலத்தில் நம் பக்கமும் நிறைய ஓடியது. கொண்டுவந்த பையன், "அண்ணே, இதை ஸ்பிட்ஃபயர் ஆக்கணும், பெரிய போர் போட்டுக் கொடுங்க" என்றான். போர் என்றால் சிலிண்டர் துளையின் விட்டம். ஆசையில் தப்பில்லை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-இல் வந்த வண்டி, இன்ஜினும் அதே குடும்பம். நம் ஹெரால்டு 948 சி.சி., போர் 63 மி.மீ. முதல் ஸ்பிட்ஃபயர் 1147 சி.சி., போர் 69.3. இரண்டிலும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான். அதனால் கடைந்துகொண்டே போகலாம் என்று நினைத்துவிட்டான். அதற்குள் சிலிண்டர் சுவர் முடிந்துவிடும். பெரிய போருக்காகக் கம்பெனிக்காரனே பிளாக்கில் சிலிண்டர்களைத் தள்ளி அமைத்து வேறு மாதிரி வார்த்தான்.

சரி தம்பி, 1 மி.மீ. கூட்டினால் என்ன கிடைக்கும் என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். 948 என்பது 978 ஆகும். 30 சி.சி.க்கு இவ்வளவு செலவா என்று அவனே கேட்டான். சக்தி ஹெட்டில் இருக்கிறது, அங்கே போவோம் என்றேன்.

ஹெட்டில் இருக்கும் எரியும் அறைகளின் கொள்ளளவை அளக்க, அதைக் கவிழ்த்து மேஜையில் வைத்து, வால்வையும் பிளக்கையும் மாட்டி, ஓரத்தில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை மேலே அழுத்தினோம். மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து, கண்ணுக்குத் தெரிய ஒரு துளி சிவப்பு மை கலந்து, ஓட்டை வழியாகக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பினோம். முதல் அறை 34 மில்லி, இரண்டாவது 35.5, மூன்றாவது 33.5, கடைசி 36. ஒரே ஹெட், நான்கும் நாலு அளவு. வார்ப்பில் வருகிற வித்தியாசம் இது. சாதாரணமாக ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. உயரச் சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒரு சிலிண்டர் முக்கும், இன்னொன்று சும்மா இருக்கும். சின்ன அறைகளை உள்ளே தேய்த்துப் பெரியதற்குச் சமமாக்கி, பிறகு ஹெட்டின் முகத்தைச் சீவினோம். ஒரு சிலிண்டர் 237 சி.சி. விகிதம் 8 என்றால் மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 34 சி.சி., 9.5 என்றால் சுமார் 28. கேஸ்கெட்டின் தடிமனையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சிலர் அதை மறந்துவிடுவார்கள்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளை நிறுக்க எங்களிடம் தராசு இல்லை. சிநேகிதரின் நகைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனோம். இரும்பைக் கொண்டுவந்து தங்கத் தராசில் வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். மொத்த எடை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு மறுமுனையைத் தட்டில் வைத்து, பெரிய முனை, சின்ன முனை இரண்டையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். மிக எடை குறைந்த ராடுக்குச் சமமாக மற்ற மூன்றையும் ராவி, அரை கிராமுக்குள் கொண்டுவந்தோம். இதற்கு ஆன செலவு அரம் தேய்ந்ததும் இரண்டு நாள் பொழுதும்தான். வண்டி எடுத்ததும் பையன் முதலில் சொன்னது வேகத்தைப் பற்றி இல்லை. "ஸ்டீயரிங்கில் நடுக்கமே இல்லண்ணே" என்றான்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வருகிறவர்களில் பாதிப்பேர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்ப்ரேட்டரில் இரட்டை வெபரை வாங்கி வைத்துக்கொண்டுதான் இன்ஜின் வேலைக்கே வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னாடியே தொட்டில் வாங்குகிற கதை. ஹெட் மூச்சு விடாவிட்டால் கார்ப்ரேட்டர் என்ன செய்யும்?

முதுநகர்

நாங்கள் படகு இன்ஜின் வேலை செய்கிறவர்கள். துறைமுகத்தில் டீசலோடு பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஸ்போர்ட்ஸ் காரில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். கவென்ட்ரி கிளைமாக்ஸ் கதையைச் சொல்வேன். தீயணைப்பு பம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு கேட்டதற்காக 1950 வாக்கில் அலுமினியத்தில் செய்த இன்ஜின் அது. 1020 சி.சி., 38 குதிரைத்திறன். எடையைப் பார்த்துவிட்டு ரேஸ்காரர்கள் விடவில்லை. 1098 சி.சி. ஆக்கி லோட்டஸிலும் கூப்பரிலும் போட்டு ஓட்டினார்கள். பம்ப் செய்த அந்த நிறுவனத்தின் இன்னொரு இன்ஜினோடுதான் ஜாக் பிரபாம் 1959, 1960 இரண்டு வருஷமும் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனார்.

நான் பார்த்தது கசப்பான விஷயம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு, டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது நினைவிருக்கும். ஆற்றோரம் ஒரு வீட்டில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் பானெட் வரை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் வீட்டுப் பையன் ஆர்வக்கோளாறில் செல்ஃப் அடித்துவிட்டான். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. இரண்டு ராடு வளைந்துவிட்டது. முழுகின வண்டி எதுவாக இருந்தாலும் முதலில் பிளக்கைக் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. அந்த இன்ஜினை வெளியூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் கட்டியிருந்தார்கள். ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டன் என்று பில் போட்டுக் கறந்திருந்தார்கள். பிஸ்டனைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் சாதாரண வார்ப்பு பிஸ்டன், அச்சின் கோடு அப்படியே இருந்தது. உரிமையாளர் ஒன்றும் பேசவில்லை, பில்லை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காசு கொடுத்து இன்ஜின் கட்டுகிறவர்கள் மூடுவதற்கு முன்னால் நேரில் போய் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள். போட்டோ மட்டும் அனுப்புகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

குருசுக்குப்பம்

தட்டாஞ்சாவடி அண்ணன் சொன்ன ஹெட் விஷயத்துக்கு எங்கள் தாத்தா சாட்சி. அவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வண்டிப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரே பேச்சு, ரெனோ 8 கோர்தினி. நீலக் கார், மேலே இரண்டு வெள்ளைக் கோடு. அமெதே கோர்தினியை அங்கே மந்திரவாதி என்றே அழைப்பார்களாம். வீட்டுச் சாமான் வாங்கப் போகிற நாலு கதவு வண்டியை எடுத்து, 1964-இல் 1108 சி.சி.யிலேயே 95 குதிரைத்திறன் வரவழைத்தார். அரைக்கோள அறை வைத்த புது ஹெட், ஒரு பக்கம் உள்ளே மறுபக்கம் வெளியே என்று காற்று நேராகப் போகும் வழி, இரண்டு சோலெக்ஸ் கார்ப்ரேட்டர். அடியில் ஐந்து மெயின் பேரிங் இருந்ததால் அது தாங்கியது. லாஸ்பேட்டைக்காரர் எழுதிய மூன்று பேரிங் கவலை அதில் இல்லை. அல்பீன் ஏ110 காரிலும் ரெனோ இன்ஜின்தான். 1973-இல் முதல் உலக ராலி சாம்பியன்ஷிப்பை வென்ற கார் அது.

தாத்தா அந்த வண்டியை ஓட்டியதில்லை. ரிப்பேர் பார்த்ததோடு சரி. ஆனால் வால்வு இடைவெளி சரியில்லாத இன்ஜின் தெருவில் போனால் படுத்துக்கொண்டே சொல்வார்.

மஞ்சக்குப்பம்

எல்லாம் சரி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் விஷயத்தை யாரும் எழுதவில்லையே? மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குக்கு விண்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் வி.ஏ. என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அடிச்சட்டம், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வேறு இன்ஜினை ஏற்றினால் அந்தப் பதிவை மறந்துவிட வேண்டியதுதான். அதோடு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும். அந்த வகையில் சொந்த பிளாக்கை, சொந்த நம்பரோடு வைத்துக்கொண்டு வேலை செய்கிற உங்கள் வழிதான் புத்திசாலித்தனம். எங்கே கோடு போடுவார்கள் என்பதை வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

என் கேள்வி வேறு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒன்பதரை விகிதத்துக்கு ஏற்றிய பழைய இன்ஜின் இதில் ஓடுமா?

தட்டாஞ்சாவடி

ஓடும். எத்தனால் நாக்கிங்கை, அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவதை, குறைக்கும், அந்த வகையில் அழுத்தம் ஏற்றிய இன்ஜினுக்கு நல்லதுதான். கெடுதல் மற்ற இடங்களில். பழைய ரப்பர் ஹோஸ், கார்ப்ரேட்டர் டயஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாவற்றையும் அது ஊறவைத்து உப்பவைக்கும். ஈரத்தை வேறு இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் வண்டி மாசக்கணக்கில் நின்றால் டேங்கின் அடியில் துரு. நிறுத்தி வைக்கிற வண்டி என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

இன்னொன்று வால்வு சீட், அதாவது வால்வு மூடி உட்காரும் விளிம்பு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றுபோனது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட் தேயாமல் பார்த்துக்கொண்டது. வேகமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் கடினமான சீட் வளையம் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் டேப்பட் (வால்வு) இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும், கடைசியில் வால்வு கருகும்.

அடுத்தது ஜெட், கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை. சுத்தப் பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. பழைய ஜெட்டையே வைத்தால் எரிபொருள் பற்றாமல் இன்ஜின் சூடாகும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் தாண்டி ஒரே வேகத்தில் கொஞ்சம் ஓட்டி, கிளட்ச்சை மிதித்து இன்ஜினை அங்கேயே அணைத்துவிடுங்கள். ஓரங்கட்டி, சூடு தணிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் ஜெட் இன்னும் சின்னது. கருப்பாகப் புகை படிந்திருந்தால் பெரிதாகிவிட்டது. வெளிர் பழுப்பு வரும்வரை இதையே செய்யுங்கள், அப்புறம்தான் பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கில் கை வைக்க வேண்டும். நாலு பிளக்கும் நாலு நிறமாக இருந்தால் ஜெட்டை விட்டுவிட்டு ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், சிரிஞ்சு என்னிடம் இருக்கிறது.