மில்க் டொபி முதல் தரம் செய்கிறேன்: ஒன்று இறுகவில்லை, மற்றது தூளாகிவிட்டது. உதவி தேவை

கேள்வி (மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து):

நத்தாருக்கு எங்கள் வீட்டில் மில்க் டொபி கிண்டுவது எப்போதும் அம்மம்மாதான். இந்த வருடம் அவருக்குத் தோள்மூட்டு வலி. அரை மணித்தியாலம் அகப்பை பிடிக்க முடியாது. அதனால் முதல் தரமாக நான் இறங்கினேன். இரண்டு தடவை செய்தேன், இரண்டும் பிழைத்துவிட்டன. 24ஆம் திகதி பின்னேரம் அயல் வீடுகளுக்குத் தட்டம் அனுப்ப வேண்டும். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

அளவு: டின்பால் ஒரு டின், சீனி 500 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, பட்டர் ஒரு மேசைக்கரண்டி, கஜு 100 கிராம், வெனிலா ஒரு தேக்கரண்டி.

முதல் தரம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் போட்டு, 20 நிமிடம் கிண்டித் தட்டில் ஊற்றினேன். இரவு முழுக்க வைத்தும் இறுகவில்லை. கத்தியை வைத்தால் கத்தியோடு இழுபட்டு வருகிறது. இரண்டாம் தரம் பயத்தில் கூட நேரம் அடுப்பில் வைத்தேன், இறக்கிய பிறகும் விடாமல் அடித்தேன். தட்டில் ஊற்றப் போகும் முன்பே தாச்சிக்குள் இறுகி, அகப்பையால் தட்ட மணல் மாதிரி உதிர்ந்தது. சுவை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் துண்டு போட வழியில்லை.

அம்மம்மாவிடம் கேட்டால் "பதம் வந்தா உனக்கே தெரியும் மகள்" என்கிறார். எனக்குத் தெரியவில்லையே. அந்தப் பதம் கண்ணுக்கு எப்படி இருக்கும்? கெட்ட இரண்டையும் திருத்தலாமா? சீனியும் டின்பாலும் விற்கிற விலைக்கு வீச மனம் வரவில்லை.

பதில் (களுவாஞ்சிக்குடி):

இறுகாததற்கு இரண்டு கரண்டி கோன் ஃபிளவர் கரைத்து ஊற்றிக் கிண்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் பிரிட்ஜில் வையுங்கள், இறுகும்.

பதில் (காத்தான்குடி):

தங்கச்சி, கோன் ஃபிளவர் போட வேண்டாம். களி மாதிரி வரும், மா மணமும் போகாது. பிரிட்ஜில் வைத்தால் உள்ளே இருக்கும்வரை இறுகி இருக்கும், வெளியே எடுத்ததும் வேர்த்து இன்னும் ஒட்டும். பெருநாளுக்கு நாங்களும் இதே டொபி செய்கிறவர்கள்தான். உங்களுடைய முதல் தரத்துக்குப் பதம் வரவில்லை, இரண்டாவதில் பதம் தாண்டிவிட்டது. அளவில் பிழை இல்லை. எதையும் வீசாதீர்கள்.

பதில் (தாண்டவன்வெளி):

தங்கச்சி, நான் 20 வருடத்துக்கு மேலாக நத்தாருக்கு இதைக் கிண்டுகிறேன். நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள். உங்கள் அடுப்பின் நெருப்பும் தாச்சியின் கனமும் என்னுடையது மாதிரி இருக்காது, 20 நிமிடம் என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி.

முதலில் சீனியையும் தண்ணீரையும் மட்டும் மெல்லிய நெருப்பில் வையுங்கள். ஒரு சீனிக்குருணியும் மிஞ்சாமல் கரைய வேண்டும். அகப்பையின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், நறநறத்தால் இன்னும் கரையவில்லை. கரைந்த பிறகுதான் டின்பால். தாச்சியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அந்த ஒட்டின குருணி பிறகு உள்ளே விழுந்தால், அதைப் பிடித்துக்கொண்டு முழுத் தாச்சியும் கரடுமுரடாகச் சீனி கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டது உங்களுக்கு அங்கேயும் ஒரு இடைஞ்சல்.

டின்பால் விட்ட பிறகு நடுத்தரத்துக்கும் குறைந்த நெருப்பு. அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்ட வேண்டும், கை நிற்கக் கூடாது. முதலில் பெரிய பெரிய குமிழியாகப் பொங்கும். பிறகு குமிழி சிறுத்து, "பொளக் பொளக்" என்று கனத்த சத்தம் வரும். நிறம் வெள்ளையிலிருந்து இளம் தேயிலைச் சாயத்துக்கு மாறும். அப்போது அகப்பையால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்து, மெல்ல மூடினால் பதம் கிட்டிவிட்டது. கோடு இழுத்த உடனேயே மூடினால் இன்னும் இருக்கிறது.

இப்போது முக்கியமான வேலை. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். கரைந்து பரவினால் பதமில்லை. விரலால் கூட்டினால் உருண்டை சேர்ந்து, வெளியே எடுத்ததும் மெதுவாகத் தட்டையாகினால் சரியான பதம். டக்கென்று கல்லாக இருந்தால் தாண்டிவிட்டது. சோதிக்கும்போது அடுப்பை எரியவிட்டால், நீங்கள் உருட்டிப் பார்க்கிற அந்த அரை நிமிடத்துக்குள் பதம் ஓடிவிடும்.

பதம் வந்ததும் பட்டர், கஜு, வெனிலா. வெனிலாவைக் கொதிக்கும்போது விட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். 10, 15 சுற்றுக் கிண்டுங்கள், மேலே இருக்கும் மினுமினுப்பு மங்கத் தொடங்கும். உடனே பட்டர் பூசின தட்டில் ஊற்றுங்கள். நீங்கள் அங்கேதான் விடாமல் அடித்திருக்கிறீர்கள், அதனால்தான் தாச்சிக்குள்ளேயே கட்டியது. சூடு கொஞ்சம் ஆறியதும் கத்திக்கு பட்டர் தடவி கோடு போடுங்கள், முழுக்க ஆறிய பிறகு உடையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அக்கா, நன்றி. அந்த நறநறப்பு இரண்டு தரமும் இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. கெட்டதை எப்படித் திருத்துவது?

பதில் (தாண்டவன்வெளி):

இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். தாச்சியில் போட்டுக் கால் கோப்பைத் தண்ணீர் விட்டு, மிக மெல்லிய நெருப்பில் இளக்குங்கள். தூளானது கரைய நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் அடிப்பிடிக்கும். முழுக்கக் கரைந்த பிறகு மறுபடி பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நிறம் கொஞ்சம் கூடும், கஜு மெதுவாகும், மற்றபடி நல்ல டொபிதான்.

பதில் (கல்முனை):

உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அக்கா சொன்னதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் ஆவியாகப் போகப் போக பாகு கொதிக்கும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். அதனால் வெப்பநிலையைப் பார்த்தாலே எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரியும். மென்மையாக உருளும் பதம் 112 முதல் 116 பாகை செல்சியஸ். மில்க் டொபிக்கு மேல் எல்லைக்குக் கிட்ட, 115 அளவில் நிறுத்தலாம். 120ஐத் தொட்டால் உதிரும்.

சமையல் வெப்பமானி வாங்கினால் முதலில் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். 98 காட்டினால் உங்கள் வெப்பமானி 2 பாகை குறைத்துச் சொல்கிறது, டொபியை 113 இல் இறக்குங்கள். நுவரெலியாவில் இருக்கும் ஒருவர் தரும் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே உயரம் 1,868 மீற்றர், தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், டொபியின் பதமும் அதே அளவு கீழே இறங்கும்.

கேள்வி கேட்டவர் (இரண்டு நாள் கழித்து):

வந்துவிட்டது! வெப்பமானி கிடைக்கவில்லை, தண்ணீர்க் கோப்பையோடுதான் செய்தேன். அம்மம்மாவை அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினேன். முதல் துளி கரைந்தது. இரண்டாவது நூல் மாதிரி நீண்டது. மூன்றாவதை அம்மம்மாவே கோப்பைக்குள் விரல் விட்டு உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். அது அங்கேயே மெல்லப் படுத்தது. "இதுதான்" என்றார். உடனே கஜுவைக் கொட்டினேன்.

48 துண்டு வந்தது. பழைய இரண்டையும் இளக்கித் திருத்தினேன், தூளானது நல்லாக வந்தது. இறுகாதது கொஞ்சம் மெது, வீட்டுக்குப் போதும். இப்போது பயம் மழைக்குத்தான். மூன்று நாளாக விடாமல் பெய்கிறது, துண்டின் மேற்பக்கம் பிசுபிசுக்கத் தொடங்குகிறது.

பதில் (காத்தான்குடி):

மார்கழி மழையில் சீனிப் பண்டம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் தங்கச்சி, எல்லா வீட்டிலும் இதுதான். தட்டில் திறந்து வைக்காதீர்கள். முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் சுற்றி, இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின்னில் அடுக்குங்கள். 24ஆம் திகதி தட்டம் அனுப்பும் நேரத்துக்குத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.