கோண்டாவில் வீடு குழு: துளசி நடக்கப் போகிறாள்

செவ்வாய், மாலை 6:12

வசந்தி: எல்லாரும் பாருங்கோ. அபியின் சாமத்திய வீட்டுக்கு ஹோல் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 23 சனி, காலை 10 மணி. தட்டுப் பிடிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நிறச் சேலை. துளசி, உன்னுடைய சட்டை அளவு மட்டும்தான் இன்னும் வரவில்லை.

கமலா: சந்தோஷம்டி. ஆனால் துளசியைக் கேட்காதே. அவளிடம் ஒரு கதை இருக்கிறது.

வசந்தி: என்ன கதை?

சுதன்: கல்யாணமா??

கமலா: அந்த அதிர்ஷ்டம் எங்களுக்கு எங்கே.

துளசி: அம்மா!! சித்தி, நானே போன் எடுத்துச் சொல்ல இருந்தேன். ஆகஸ்ட் 16 முதல் 22 வரை நான் சுவீடனில். அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவோக்தா வரை ஏழு நாள் நடை. வழிகாட்டியோடு பத்துப் பேர். ஜனவரியிலேயே காசு கட்டிவிட்டேன், அப்போது உங்கள் தேதி தெரியாது. 22 பின்னேரம் முடிந்துவிடும். 23க்கு நிற்பேன்.

வசந்தி: 22 பின்னேரம் எங்கே முடியும்?

துளசி: நிக்கலுவோக்தாவில்.

சுதன்: அது ஊரா, தும்மலா?

ராசன்: நான் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழுவில் வடக்கே இருந்தவன் நான் ஒருவன்தான். அபிஸ்கோ சுவீடனில் இருந்தாலும் எங்களுடைய நோர்வேப் பக்கத்து நார்விக்கிலிருந்துதான் கிட்ட. ரயிலில் இரண்டு மணித்தியாலம் வராது. கிருனாச் சுரங்கத்து இரும்புத் தாதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட தண்டவாளம் அது. அபிஸ்கோவிலிருந்து தெற்கே ஹேமவான் வரை ஏறக்குறைய 440 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. குங்ஸ்லேடன், அதாவது அரச பாதை. துளசி போகிறது பெரும்பாலும் அதன் வடக்குத் துண்டு, மொத்தம் 105 கிலோமீட்டர். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேதான், 68 பாகை. ஆனால் நோர்வேயின் ஹம்மர்ஃபெஸ்ட் 70 பாகைக்கும் மேலே. 1987இல் நான் அங்கே மீன் தொழிற்சாலையில் நின்றபோது, நவம்பரில் போன சூரியன் ஜனவரி கடைசியில்தான் திரும்பி வந்தது. அதுதான் வடக்கு. அபிஸ்கோ வடக்கின் படலை.

சுதன்: மாமாவின் மீன் கதை வந்துவிட்டது. இந்த முறை 14 நிமிடம்.

கமலா: போன முறை 9 நிமிடம்.

ராசன்: சிரியுங்கோ. அந்த மீன் காசில்தான் உங்களில் பாதிப் பேர் பிளேன் ஏறினீர்கள்.

கமலா: தொடங்கிவிட்டார்.

வசந்தி: அண்ணை, எனக்கு வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம். 23 காலை பிள்ளை வருமா வராதா?

துளசி: நிக்கலுவோக்தாவிலிருந்து பஸ்ஸில் கிருனா. அங்கிருந்து ஸ்டாக்ஹோமுக்கு இரவு பிளேன். காலை முதல் பிளேனில் ஒஸ்லோ. பத்தரைக்குள் ஹோலுக்கு வந்துவிடலாம்.

வசந்தி: பத்துக்குத் தொடக்கம் என்கிறேன், பத்தரை என்கிறாள்.

சுதன்: சித்தி, எங்களுடைய பத்து என்றால் பன்னிரண்டுதானே.

வசந்தி: ஐயர் நேரம் குறித்துத் தந்திருக்கிறார். நீ கனடாவில் இருந்துகொண்டு கதைக்காதே.

மணி மாமா: அனைவருக்கும் இனிய காலை வணக்கம். 🌺

மணி மாமா: நடக்கிறதுக்குக் காசா? கோண்டாவிலில் இருந்து நல்லூருக்கு நாங்கள் சும்மாதான் நடக்கிறோம்.

துளசி: மாமா, இந்த வழியில் முதல் நாளுக்குப் பிறகு ரோட்டே கிடையாது. வழிகாட்டி வானிலை பார்ப்பார், சட்டலைட் போன் வைத்திருப்பார், யாருக்காவது கால் பிரண்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர். சாதாரண போன் 16 பின்னேரத்துக்குப் பிறகு 21 இரவுவரை வேலை செய்யாது. அதனால் நீல டிக் விழவில்லை என்று ஒருவரும் பொலிசுக்கு அடிக்கவேண்டாம். அம்மா, உங்களுக்குத்தான்.

கமலா: ஐந்து நாளா???

கமலா: தனியாகப் போகவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ராசன்: வழிகாட்டி தேவையே இல்லாத பாதை அது. ஈரமான இடமெல்லாம் பலகை போட்டிருப்பார்கள், பெரிய ஆறுகளுக்குப் பாலம். கல்லில் சிவப்புப் பூசியிருக்கும். கம்பத்தில் சிவப்புப் பெருக்கல் குறி கண்டால் அதன் பின்னால் போகக்கூடாது, அது பனிக்காலத்து வழி. கோடையில் அது நேரே சதுப்பிலும் ஏரியிலும் கொண்டுபோய் விடும். இதைத் தெரிந்துகொண்டால் யாரும் நடக்கலாம்.

கமலா: அத்தான், சொங்ஸ்வான்.

ராசன்: அது வேறு.

சுதன்: சொங்ஸ்வான் என்ன? எனக்கு யாரும் சொல்லவில்லை.

துளசி: எனக்கு ஏழு வயது. நாவல்பழம் மாதிரி ஒரு பழம் பிடுங்கலாம் என்று பெரியப்பா கூட்டிக்கொண்டு போனார். ஒஸ்லோவுக்குள்ளேயே, ஏரியைச் சுற்றி வருகிற பாதை. மூன்றரை மணித்தியாலம் சுற்றினோம். கடைசியில் ஒரு நாய்க்காரர்தான் ரயிலடிக்கு வழிகாட்டினார்.

சுதன்: அதுதான் இந்த முறை காசு கொடுத்து வழிகாட்டி 😂

ராசன்: அன்று மூடுபனி.

கமலா: அன்று நல்ல வெயில். நான் பல்கனியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன்.

வசந்தி: சட்டை அளவு.

சுதன்: கரடி இருக்கிறதா அங்கே? வெள்ளைக் கரடி?

துளசி: வெள்ளைக் கரடி ஸ்வால்பார்டில்தான். இங்கே மண்ணிறக் கரடி எங்கோ இருக்கும், காண்பது அபூர்வமாம். ரெயின்டீர் நிறையக் காணலாம். காட்டு விலங்கு மாதிரித் தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சாமி ஆட்களில் ஒரு சொந்தக்காரர் உண்டு. காதில் வெட்டுக்குறி இருக்கும், சொந்தக்காரருக்கு ஒரு குறி.

கமலா: சாமி ஆட்களா? பூசாரிமாரா?

துளசி: அம்மா. சாமி என்பது அந்த மண்ணின் பழைய சனங்கள். மலைகளின் பெயரே அவர்களுடைய மொழியில்தான்.

மணி மாமா: வன்னியில் அப்பாவின் மாடுகளுக்குக் குறி சுட்டது நினைவிருக்கிறதா கமலா. குறி என்றதும் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளியிருக்கிறான். போன மாதம் படம் போட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வசந்தி: அண்ணா அதைப் பிறகு கதைப்போம்.

மணி மாமா: பதினைந்து வருஷமாகப் பிறகுதான்.

கமலா: துளசி, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்? நல்லூர்த் திருவிழா முடியும்வரை மச்சம் தொடமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறாய். அந்த மான் இறைச்சியைக் கண்டு வாயை வைத்துவிடாதே.

துளசி: சைவம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காயவைத்த சாப்பாட்டுப் பைக்கற் தருவார்கள், சுடுதண்ணி ஊற்றினால் சரி. தங்குகிற குடிசைகளில் காஸ் அடுப்பு இருக்கிறது. மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. ஆற்றில் வாளியால் அள்ளிக் கொண்டுவர வேண்டும், அப்படியே குடிக்கலாம். விறகும் நாங்கள்தான் கொத்த வேண்டும்.

மணி மாமா: அம்மா இருந்த வீடு மாதிரித்தான். அதற்குக் காசா!

கமலா: புழுக்கொடியல் கட்டித் தருகிறேன். பருத்தித்துறை வடை ஐம்பது. எள்ளுப்பாகு. ஒரு போத்தல் சம்பல்.

துளசி: பை 12 கிலோவுக்கு மேல் போகக்கூடாது அம்மா. போத்தல் வேண்டவே வேண்டாம்.

ராசன்: புழுக்கொடியல் கொண்டு போ. இது பகிடி இல்லை. பாரமில்லை, பழுதாகாது, நடந்துகொண்டே சப்பலாம். நாங்கள் ஹம்மர்ஃபெஸ்டில் பார்சல் வந்தால் ஆளுக்கு நாலு துண்டு எண்ணித்தான் பிரிப்போம்.

சுதன்: மீன் இரண்டாம் முறை.

துளசி: வடை இருபது. சரியா? சாயங்காலம் சவுனாவில் இருந்து வந்ததும் பசிக்கும்.

வசந்தி: சவுனாவா? யார் யாரோடு?

துளசி: மூன்று குடிசைகளில் விறகடுப்புச் சவுனா இருக்கிறது. பெண்களுக்குத் தனி நேரம், ஆண்களுக்குத் தனி நேரம்.

சுதன்: அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நேரம். இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

துளசி: சுதன் அண்ணா உனக்கு வேறு வேலையே இல்லையா.

கமலா: துளசி??

துளசி: நான் பெண்கள் நேரம் அம்மா!!

இரவு 10:40

அபி: எனக்கு விழாவே வேண்டாம். நானும் துளசி அக்காவோடு போகிறேன்.

வசந்தி: யார் இவளைக் குழுவில் சேர்த்தது?

சுதன்: நான்தான் சித்தி. அவளுடைய விழா தானே.

வசந்தி: அபி, போனை வைத்துவிட்டுப் படு.

அபி: என்னை யாரும் கேட்கவில்லை. 300 பேர் வருகிறார்களாம்.

வசந்தி: 280.

சுதன்: ஒரு யோசனை. அந்தப் பாதையில் கடைசிக்கு முந்தின இடம் கெப்னெகைசே நிலையம். அங்கிருந்து நிக்கலுவோக்தாவுக்கு ஹெலிகொப்டர் ஓடுகிறதாம். கடைசி 19 கிலோமீட்டரை விட்டுவிட்டுப் பறந்தால் ஒரு நாள் மிச்சம். இங்கே ஸ்கார்பரோவில் சாமத்தியப் பிள்ளையையே ஹெலிகொப்டரில் இறக்குகிறார்கள். நாங்கள் தோழியை இறக்குவோம்.

வசந்தி: அது நல்ல யோசனை. எவ்வளவு முடியும்?

துளசி: சித்தி, 86 கிலோமீட்டர் நடந்துவிட்டு கடைசி நாள் பறக்கிறதா? மாட்டேன்.

வசந்தி: ஏன் மாட்டாய்? ஒரே ஒரு தங்கச்சி.

கமலா: அவள் தகப்பன் மாதிரி. சொன்னால் சொன்னதுதான்.

ராசன்: கெப்னெகைசே பற்றி ஒன்று. சுவீடனின் உயரமான மலை. இரண்டு சிகரம். பரம்பரை பரம்பரையாகத் தெற்குச் சிகரம்தான் பெரியது என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதன் தலையில் இருந்தது பனி. வடக்குச் சிகரம் கல். 2019இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தார் அளந்தபோது தெற்கு உருகி 2095.6 மீட்டருக்கு இறங்கிவிட்டது. வடக்கு 2096.8. மூத்தவன் கீழே, இளையவன் மேலே.

சுதன்: ராசன் மாமா, இது சிவா சித்தப்பாவின் புது வீட்டைப் பற்றியா?

கமலா: 🤐

சிவா: ஓம்

சுதன்: சித்தப்பா உயிரோடு இருக்கிறார்! மார்ச்சுக்குப் பிறகு முதல் செய்தி!

ராசன்: நான் மலையைத்தான் சொன்னேன்.

ராசன்: வசந்தி, காரில் போய் நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன். நிக்கலுவோக்தாவில் ரோட்டு முடிகிறது, தேடவேண்டியதில்லை. ஒஸ்லோவுக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டராவது வரும். இரவிரவாக ஓடினால் காலை வந்துவிடலாம்.

கமலா: அத்தான், உங்களுக்கு இரவில் கண் தெரியாது என்று அக்கா சொன்னா.

ராசன்: ஆகஸ்டில் அங்கே இருட்டு நீளம் இல்லை.

துளசி: வேண்டாம் பெரியப்பா. பிளேன்தான்.

வசந்தி: அப்போது தட்டுக்கு உன்னுடைய இடத்தில் வேறு பிள்ளையைப் போடவா? முடிவைச் சொல்லு. கவிதாவின் மகளைக் கேட்கலாம், ஆனால் கேட்டால் கவிதாவும் மேடைக்கு வருவாள்.

கமலா: கவிதாவைக் கேட்காதே.

மணி மாமா: தாய்மாமனே வருவானா என்று தெரியாது, தோழிக்கு இந்தப் பாடு. என்னுடைய விசா இன்னும் வரவில்லை.

வசந்தி: 😔 வரும் அண்ணா.

புதன், காலை 5:58

ராசன்: நித்திரை வரவில்லை. துளசி, சவுனா விறகு பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். குடிசையை விட்டுப் போகும்போது விறகுப் பெட்டியையும் தண்ணி வாளியையும் நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும். பின்னால் வருகிறவன் நனைந்து வருவான். வழிகாட்டி சொல்வார், சொல்லாவிட்டாலும் செய்.

துளசி: ஓம் பெரியப்பா. இவ்வளவும் எப்படித் தெரியும்? நீங்கள் அங்கே நடந்திருக்கிறீர்களா?

ராசன்: இல்லை. நூலகத்தில் படித்தது. ஹம்மர்ஃபெஸ்டில் மூன்று வருஷம். விடுதி, தொழிற்சாலை, விடுதி. கொட் மீன் வெட்டுகிற வரிசையில் நிற்க, கையுறைக்குள் ஐஸ்தண்ணி இறங்கும். கத்தி பிடித்த விரல் மூன்றும் படுத்த பிறகும் மடிந்தபடியே நிற்கும், மற்றக் கையால் நிமிர்த்த வேண்டும். ஞாயிறு முழுக்க நித்திரை. ஊருக்குப் பின்னால் ஒரு சின்ன மலை. நோர்வேக்காரப் பெடியன்கள் பையோடு ஏறுவார்கள். விசர்க் கூட்டம் என்று நாங்கள் ஜன்னலால் பார்த்துச் சிரிப்போம்.

ராசன்: அந்த வழிகாட்டி 63 வயதுக்காரரை எடுப்பாரா?

துளசி: போன வருஷம் 70 வயது அம்மா ஒருவர் வந்தாராம். கேட்டுச் சொல்கிறேன்.

கமலா: அத்தான், உங்களுடைய முழங்கால்?

வசந்தி: அண்ணை, 23 வாசலில் பன்னீர் தெளிக்க நீங்கள்தான் நிற்கிறீர்கள். அதை மாற்ற ஏலாது.

ராசன்: இந்த வருஷம் இல்லை. சும்மா கேட்டேன்.

சுதன்: சொங்ஸ்வானில் பயிற்சி எடுங்கோ மாமா.

மணி மாமா: வேலிப் படம் திரும்பப் போட்டிருக்கிறேன். இடது பக்கம் பூவரசு நின்ற இடத்தைப் பாருங்கோ.

வசந்தி: ஐயரிடம் அரை மணி நேரம் பின்போடலாமா என்று கேட்கிறேன். உறுதி இல்லை. துளசி, அளவு. தையல்காரி இன்று பின்னேரம் கேட்பாள்.

துளசி: 36. இல்லை பொறுங்கோ சித்தி, அம்மா நாடா தேடுகிறா.