மறு: ஷாக் என்றால் அதிர்ச்சியா?

வணக்கம்.

முதலுதவியில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும்போது, ஷாக்குக்கு (shock) ‘அதிர்ச்சி’ என்றே வைத்துவிடலாம், பழகிய சொல்தானே என்கிறீர்கள். பழகியதுதான் சிக்கல். கெட்ட செய்தி கேட்டாலும் அதிர்ச்சி, மின்கம்பியைத் தொட்டாலும் அதிர்ச்சி. மருத்துவர் சொல்லும் ஷாக் இந்த இரண்டும் அல்ல. திசுக்களுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராமல் அவை ஆக்சிஜனுக்குத் தவிக்கும் நிலை அது. பெரும்பாலும் தோல் வெளுத்து, சில்லிட்டு, பிசுபிசுவென்று வியர்த்திருக்கும். நாடி மெலிந்து வேகமாக ஓடும். நகத்தை அழுத்தி, பிறகு விரலை எடுத்தால் 2 விநாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு, வரத் தாமதிக்கும். இப்படிக் கிடப்பவரை ‘அதிர்ச்சியில் இருக்கிறார்’ என்றால் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார்? தோளைத் தட்டி, “ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க” என்று தண்ணீரை நீட்டுவார். குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாத நேரம் அது.

தீக்காயத்தில் குழப்பம் இன்னும் கூடும். காயம் பரவலாக இருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, உள்ளே ஓட வேண்டிய இரத்தத்தின் அளவே குறைந்துபோகும். ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமலே, சில மணி நேரம் கழித்துக்கூட ஷாக் வரலாம். அதுவரை ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். ‘தீக்காய அதிர்ச்சி’ என்று எழுதினால் நெருப்பைக் கண்டு மிரண்டவர் என்றுதான் படிப்போம்.

என் பரிந்துரை ‘ஓட்டக்குலைவு’. குருதியோட்டக் குலைவு என்பதன் சுருக்கம். அடைமொழி சேர்க்கவும் வசதி: குருதியிழப்பு ஓட்டக்குலைவு, இதயவழி ஓட்டக்குலைவு, ஒவ்வாமை ஓட்டக்குலைவு. முந்தைய மடலில் வந்த ‘இரத்த அழுத்த வீழ்ச்சி’ ஒத்துவராது. தொடக்கத்தில் உடல் ஈடுகட்டிக்கொள்வதால் அழுத்தம் சரியாகவே காட்டக்கூடும். அதை நம்பி இருந்துவிடுவார்கள்.

சர்க்குலேஷனுக்கு இரத்த ஓட்டமா, இலங்கையில் வழங்கும் குருதிச் சுற்றோட்டமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அப்புறம், ஃபர்ஸ்ட் டிகிரி பர்னுக்கு (first-degree burn) ‘முதல்தரத் தீக்காயம்’ மட்டும் வேண்டாமே! ஏதோ உயர்ந்த சரக்கு மாதிரி இருக்கிறது. மேல்தோல் காயம், பகுதித்தோல் காயம், முழுத்தோல் காயம் என்று ஆழத்தையே சொல்லிவிடலாம். முழுத்தோல் காயத்தில் நரம்பு முனைகளும் கருகிவிடுவதால் அந்த இடத்தில் வலி தெரியாது. வலி இல்லையே, லேசான காயம்தான் என்று விட்டுவிடுகிறவர்களுக்குப் பெயரே ஓர் எச்சரிக்கையாக இருக்கும். கொதிநீர், ஆவி, அமிலம் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் ‘தீக்காயம்’ பொருந்தாது. ‘சுடுகாயம்’ என்று வைத்துக்கொண்டு, நெருப்புப் பட்டதற்கு மட்டும் தீக்காயத்தை விடலாம்.

ஆம்புலன்சில் அவசரமாகச் சொல்லும்போது ‘ஓட்டக்குலைவு’ வாயில் வருமா என்று அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். நீளம் என்றால் ‘குலைவு’ மட்டும் போதுமா?