செமஸ்டர் லீவில் ஐந்து பேர் கார் பயணம்: கிளம்பும் முன் என்ன பேசி வைக்க வேண்டும்?

கேள்வி | எழுதியவர்: மூன்றாம்_ஆண்டு

வணக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கடைசித் தேர்வு. அது முடிந்த கையோடு நாங்கள் ஐந்து பேர், மூன்று பையன்கள் இரண்டு பெண்கள், வாடகைக் கார் எடுத்து ஆறு நாள் சுற்றக் கிளம்புகிறோம். முதலில் கடற்கரை, அப்புறம் மலை. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், அதிலும் ஒருவனுக்கு லைசென்ஸ் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அன்று சாயங்காலமே கிளம்பி ராத்திரி முழுக்க ஓட்டி, விடியும்போது கடலில் கால் நனைத்துவிட வேண்டும் என்பது திட்டம்.

எல்லோரும் குஷியாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது, ஆனால் வாயைத் திறந்தால் "ஆரம்பிச்சுட்டியா" என்பார்கள். வீட்டில் "பத்திரமா போயிட்டு வா" என்கிறார்கள். பத்திரமாகப் போவது என்றால் உண்மையில் என்னென்ன செய்ய வேண்டும்? இப்படிப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 | ராப்பயணி

தம்பி, உங்களுக்கு உறுத்துவது சரியான இடத்தில்தான். அந்த முதல் ராத்திரியை மட்டும் மாற்றிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்களும் இதையேதான் செய்தோம். தேர்வுக்காக முந்தின ராத்திரி மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை, ஆனால் தேர்வு முடிந்த சந்தோஷத்தில் அசதியே தெரியவில்லை. விடியற்காலை மூன்றரை இருக்கும், நான்தான் ஓட்டினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியை இறக்கி விட்டிருந்தேன், கண் சொருகியது எனக்கு நினைவே இல்லை. டயர் சாலையை விட்டு இறங்கி ஜல்லியில் கடகடவென்று ஓடிய சத்தம்தான் எழுப்பியது, அதற்குள் தடுப்புக் கம்பியில் உரசி ஓரக் கண்ணாடி பிய்ந்து தொங்கியது. முன்சீட்டில் இருந்த இருவருக்கும் கீறல்கூட இல்லை. பின்சீட்டில் பெல்ட் போடாமல் தூங்கிய தோழிக்குக் காறை எலும்பு முறிந்தது. லீவு முழுக்க அவள் கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தாள், அவளுடைய அம்மா முகத்தை நேராகப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். நான்கு நொடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் ஓட்டுபவரே இல்லாத கார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் கவனமும் கையின் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு மங்கிவிடும் என்று ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டுபவன் காரில் நாம் ஏற மாட்டோம், ஆனால் தூக்கத்தோடு ஓட்டுபவன் காரில் ஏறி நாமும் தூங்கிவிடுகிறோம். ஏசியும் பாட்டும் தூக்கத்தை நிறுத்தாது. காப்பிகூட வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். வண்டியைப் பத்திரமான இடத்தில் ஓரம் கட்டி இருபது நிமிஷம் தூங்குவதுதான் ஓரளவுக்கு உதவும்.

ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு காலையில் கிளம்புங்கள். பின்சீட்டிலும் பெல்ட். புதிதாக லைசென்ஸ் வாங்கிய நண்பர் பகலில், நேரான சாலையில் ஓட்டட்டும், மலை வளைவுகளில் வேண்டாம். இன்னொன்று, வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டப்போகும் இருவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கைவிரித்துவிடலாம்.

பதில் 2 | அலைக்காரன்

நான் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன், அதனால் கடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்பவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். குளத்து நீச்சல் வேறு, கடல் வேறு.

கரையில் நின்று பார்த்தால் எங்கும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும், நடுவில் ஓர் இடம் மட்டும் அலையே இல்லாமல் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் "இங்கே அலை கம்மி, இங்கேயே குளிக்கலாம்" என்று நேராக அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வழி பெரும்பாலும் அதுதான், ரிப் கரண்ட் என்பார்கள். அது ஆளை அடியில் இழுக்காது, கரையை விட்டு வெளியே கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தினால் பெரிய நீச்சல் வீரரும் களைத்துப்போவார், களைப்புதான் ஆளை மூழ்கடிக்கிறது. மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகி, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள்.

தயவுசெய்து இதை ஐந்து பேருக்கும் படித்துக் காட்டுங்கள்: ஒருவர் தத்தளித்தால் மற்றவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேராகப் போவது இப்படித்தான். மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள், மூடிய காலி கேன் இருந்தால்கூடப் போதும். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். குடித்தவர் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது, அருவிக்கும் இதேதான்.

பதில் 3 | மீனாட்சி_எம்

இரண்டு பெண்கள் வருகிறார்கள் என்பதால் ஓர் அக்காவாக எழுதுகிறேன். அறையை எடுக்கும்போது தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா, ஜன்னல் மூடுகிறதா, நெருப்பு என்றால் இறங்கும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று மூட்டையை இறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு அறை கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

லைவ் லொக்கேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைப்பது நல்லதுதான், ஆனால் சார்ஜ் தீர்ந்தாலோ மலையில் சிக்னல் போனாலோ அது நின்றுவிடும், அங்கே வீட்டில் பதறுவார்கள். அதனால் "தினமும் ராத்திரி ஒன்பதுக்குள் ஒரு மெசேஜ் வரும், பத்தரை வரை வரவில்லை என்றால் இந்த விடுதி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இரண்டு எண்களையாவது காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், போன் தொலைந்தால் யார் எண்ணும் நமக்கு மனப்பாடமாக இருக்காது. போனில் *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். படங்களை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள்.

குடித்து மயங்கியவரைத் "தூங்கட்டும்" என்று தனியாக விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் கூடவே இருக்க வேண்டும், மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும். எழுப்பியும் எழவில்லை என்றால் யார் திட்டுவார்கள் என்று யோசிக்காமல் உடனே ஆம்புலன்ஸ்.

பதில் 4 | குளிர்மலை

ஒரே விஷயம். மலையில் குளிர்கிறதே என்று கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோய் வைக்காதீர்கள், அணைந்தது போலத் தெரியும் கரிக் கங்குகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம், பலர் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்ததே இல்லை. கூடுதலாக ஒரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்_ஆண்டு

எல்லோருக்கும் நன்றி, இரண்டு தடவை படித்தேன். கங்கு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ராப்பயணி அண்ணா, ஒரு சந்தேகம். கிளம்பும் நேரத்தை மாற்றச் சொன்னால் நான்தான் பயந்தாங்கொள்ளி ஆவேன். எப்படி ஆரம்பிப்பது?

ராப்பயணி

என் கதையைச் சொல்லியே ஆரம்பியுங்கள், தம்பி. அன்றைக்கு எங்கள் காரில் இன்னொருவனுக்கும் பயமாகத்தான் இருந்ததாம், வெளியே சொல்லவில்லை, அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சொன்னான். உங்கள் ஐந்து பேரிலும் அப்படி ஒருவர் இருப்பார். கூடவே ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: வண்டியோ தண்ணீரோ மலை உச்சியோ, யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல், கிண்டல் செய்யாமல் அங்கேயே நிறுத்துவது.

மூன்றாம்_ஆண்டு

இப்போதுதான் குரூப் காலில் பேசி முடித்தேன். காறை எலும்பு வரைக்கும் வந்ததும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். முதலில் "சனிக்கிழமை காலையே போகலாம்டா" என்றது, கார் ஓட்டப்போகும் அந்தப் புது லைசென்ஸ்காரன்தான். ஆறரைக்குக் கிளம்புகிறோம்.