கிராபிக்ஸ் கார்ட் பூட்டிய பின் கணினி அணைந்துவிடுகிறது: பவர் சப்ளை பழுதா?

கேட்டவர் (புதுக்குடியிருப்பு):
வணக்கம். கலியாண வீடியோக்களைத் தொகுப்பதற்கு ஐ5 10400 புரொசசர் உள்ள கணினியொன்றைப் பாவித்து வருகிறேன். சென்ற வாரம் அதில் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்ட் ஒன்றைப் பூட்டினேன். பவர் சப்ளை பெட்டியோடு வந்த பழைய 450 வாட்தான். கார்டுக்கு வேண்டிய எட்டு முனை வயர் அதில் இல்லாதபடியால், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நான்கு முனை வயரிலிருந்து ஒரு கொன்வேர்ட்டர் மூலம் மின்சாரம் கொடுத்திருக்கிறேன். ரெண்டர் (தொகுத்த வீடியோவை முடிவான கோப்பாக்கும் வேலை) தொடங்கிச் சில நிமிடங்களில் எல்லாமே அணைந்துவிடுகின்றன. பிறகு பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு தடவை அசைந்து நின்றுவிடுகிறது. சுவர் சுவிட்சை நிறுத்திச் சற்று நேரம் விட்டால்தான் மீண்டும் இயங்குகிறது. கார்டைக் கழற்றினால் ஒரு குறையும் இல்லை. கணினியும் மொனிட்டரும் 650 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் உள்ளன. கார்ட்தான் பழுது என்று கடையில் சொல்கிறார்கள்.

மறுமொழி (கிளிநொச்சி):
தம்பி, கார்டைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். சுவர் மின்சாரத்தை நிறுத்தி எடுத்த பிறகே எழும்புகிறது என்றால், பவர் சப்ளை இறக்கவில்லை, அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கண்டு தற்காப்புக்காகத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்பதே முதற் சந்தேகம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 450 என்ற எண்ணை விட்டுவிட்டு, பக்கத்து லேபலில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றிருந்தால் 216 வாட்தான். கார்ட் மட்டும் 170 வாட் எடுக்கும்; புரொசசரும் முழு வேலையில் அதற்குக் குறிப்பிட்ட 65 வாட்டோடு நிற்காது. அந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளையைத்தான் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். கொன்வேர்ட்டரை இன்றே கழற்றி, முனைகள் கருகியுள்ளனவா என்று பாருங்கள்.

மறுமொழி (வவுனியா):
அண்ணா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் காசு செலவழிக்க முன்னர் யூ.பி.எஸ்.ஸை விலக்கிப் பார்ப்பது நல்லது. 650 வி.ஏ. என்பது பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான். கொன்வேர்ட்டர் கருகியிருக்காவிட்டால் மட்டும், இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து, நேரே சுவரில் கொடுத்து ஒருமுறை ரெண்டர் போடுங்கள். பவர் சப்ளையைத் தனியே இயக்கிப் பார்க்க அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்துச் சோதிக்கும் முறையை இங்கே நம்ப வேண்டாம்; சுமையில்லாமல் விசிறி சுற்றுவது எதையும் நிரூபிக்காது. புதியது வாங்கினால் அதனோடு வரும் வயர்களையே பாவியுங்கள். வேறொரு பவர் சப்ளையின் கழற்றிப் பூட்டும் வயர் அச்சொட்டாகப் பொருந்தினாலும், உள்ளே முனைகளின் ஒழுங்கு மாறியிருக்கக்கூடும். அப்படி ஒரு எஸ்.எஸ்.டி.யைப் பறிகொடுத்தவன் நான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. லேபலில் 18 அம்பியர் என்றே இருந்தது. கொன்வேர்ட்டரின் ஒரு முனை பழுப்பேறி இளகியிருந்ததால் சுவரில் கொடுத்துப் பார்க்கத் துணியவில்லை. நேரே 650 வாட் ஒன்றை வாங்கி, அதனோடு வந்த எட்டு முனை வயரையே பூட்டினேன். நேற்று இரண்டு மணிநேர ரெண்டர் தடையின்றி முடிந்தது. இன்று காலை ரெண்டரின் நடுவே கரண்ட் போனபோது யூ.பி.எஸ். ஒரு கணமும் தாங்காமல் கத்திவிட்டு நின்றது. ஆகவே வவுனியா நண்பரின் சந்தேகமும் வீணல்ல, பெரிய யூ.பி.எஸ். வாங்கும்வரை, கரண்ட் நிலையாக இருக்கும் இரவில் மட்டுமே ரெண்டர் போடுகிறேன்.