மறுமொழி: மயக்கம் தெளிய உதவும் மீயொலிக்கு என்ன சொல்?

வணக்கம்.

> "மீயொலி மூளைத் தூண்டல்" போதுமே. எதற்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

பொதுப்பெயராகப் போதும், ஐயா. ஆனால் கேட்கப்பட்டது அதுவல்ல. அறுவை முடிந்த பின் மயக்க மருந்தின் பிடியிலிருந்து நோயாளி விடுபடுவதை மீயொலியால் (அல்ட்ராசவுண்டால்) விரைவுபடுத்தலாமா என்று ஆராய்கிறார்கள். அந்தச் செயலுக்குத்தான் சொல் தேவை. அந்த இடத்தில் "தூண்டல்" காலை வாரிவிடும். மயக்க மருத்துவத்தில் இண்டக்‌ஷன் என்பது ஆளை மயக்கத்துக்குள் கொண்டுபோகும் முதற்கட்டம். இயற்பியல் பாடநூல் பழக்கத்தில் அதையும் "தூண்டல்" என்று எழுதினால், "மயக்கத் தூண்டல்" ஆளை வீழ்த்தும், "மூளைத் தூண்டல்" எழுப்பும். ஒரே அறையில் நேர்எதிரான இரண்டு வேலைக்கு ஒரு சொல்லா? முதலாவதை "மயக்கமேற்றல்" ஆக்கிவிடுவோம்.

தூண்டலை மூளைக்கே விட்டுவிடலாம். அணைந்த விளக்கை யாரும் தூண்டுவதில்லை, ஏற்றுகிறோம். மங்கி எரியும் திரியைக் குச்சியால் சற்று முன்னே தள்ளுவதுதான் தூண்டுவது. மயக்கத்தில் கிடக்கும் மூளையும் அணைந்ததல்ல. துடிப்புகளின் நீளத்தையும் இடைவெளியையும் மாற்றினால் மீயொலி நரம்பணுக்களை அடக்கவும் செய்யும் என்று ஒரு நண்பர் சுட்டியது சரிதான். ஆனால் அவர் தந்த "நரம்புப் பண்பேற்றம்" (நியூரோமாடுலேஷன்) வானொலி நிலையத்து வாடை அடிக்கிறது; பண்பேற்றம் அங்கே புழங்கும் சொல்.

> "கேளா ஒலி" இன்னும் எளிமை இல்லையா?

எளிமைதான். ஆனால் 20 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதும்தான் காதுக்குக் கேட்காது. நமக்கு வேண்டியது 20,000-க்கு மேலே. மண்டையோட்டைக் கடந்து செல்ல 5 லட்சம் ஹெர்ட்ஸ் அளவில் செலுத்துகிறார்கள். அதைவிட மிகவும் கூட்டினால் எலும்பே பெரும்பகுதியை விழுங்கிவிடும். மீயொலி இருக்கட்டும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தை "மீயொலி விமானம்" என்று எழுதுகிறவர்கள் "மீயொலிவேக" என்று திருத்திக்கொள்ளட்டும்.

> விழிப்பூட்டல்? துயிலெழுப்பல்?

துயிலெழுப்பல் காதுக்கு இனிமை. ஆனால் மயக்கம் துயிலல்ல. துயிலும் ஆள் கத்தி பட்டால் எழுந்துவிடுவார். விழிப்பும் பொருந்தவில்லை. எனக்கு அறுவை முடிந்தபோது யாரோ தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தார்கள். கண்ணைத் திறந்தேன். "கையை இறுக்கிப் பிடியுங்கள்" என்றார் செவிலியர், பிடித்தேன். அதன்பிறகு "எப்போது தொடங்குவீர்கள்?" என்று நான்கு முறை கேட்டேனாம். விழித்துவிட்டேன், தெளியவில்லை.

அந்த இடைவெளிக்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது: மயக்கம் தெளிந்தது. கலங்கிய நீர் தெளிவதைப் போல மெல்ல, அடியில் படிந்து படிந்து. தெளிதல் நோயாளியின் தன்வினை. கருவி கொண்டு மருத்துவர் செய்வது பிறவினை, தெளிவித்தல். எனவே என் முன்மொழிவு: மீயொலி மயக்கந்தெளிவிப்பு. அறிவியிலிருந்து அறிவிப்பு வந்தால் தெளிவியிலிருந்து தெளிவிப்பு வரக் கூடாதா? "தெளிவிப்பு" என்று மட்டும் விட்டால் அமைச்சர் விளக்கம் தருவதுபோல ஒலிக்கும் என்பதால் மயக்கத்தை முன்னே ஒட்டினேன்.

2011-இல் வெளிவந்த ஆய்வை இந்தச் சொல்லால் எழுதிப் பார்த்தேன்: "கீட்டமின், சைலசின் என்ற மயக்க மருந்துகள் கொடுத்த எலிகளின் மூளை நடுவிலுள்ள தலாமசில் மீயொலியைக் குவித்துச் செலுத்தியபோது மயக்கம் விரைவில் தெளிந்தது." இடறவில்லை. 2016-இல் லாஸ் ஏஞ்சலிசில் ஓர் இளைஞரின் தலாமசில் மீயொலியைச் செலுத்தியதை இதனுடன் சேர்க்காதீர்கள். அவர் இருந்தது மூளைக் காயத்துக்குப் பின் கோமாவிலிருந்து மீளும் நிலையில். மயக்க மருந்தில் அல்ல. தானாகவே மீண்டுகொண்டிருந்தாரா என்பதையும் ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே "மீட்சி" பொருந்தும்.

தலாமசுக்குத் தமிழ் வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள். கிரேக்கத்தில் அதற்கு "உள்ளறை" என்று பொருள். அதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.